களாக்காய்க்கு வந்த பெயர்

சண்டை சச்சரவென்றால் ஒதுங்கிப் போகிறவன் நான். என் நாவல்களில் கூட ஓர் அடிதடி இல்லையே என்று விமரிசகர் ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். அப்படிப்பட்டவன் போன வைகாசியில், திருச்சியில், உறவினர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் விழாவில், பத்துப் பேர் நடுவில் குரலை உயர்த்திப் பேசும்படி ஆகிவிட்டது. காரணம், கேக்கின் தலையில் உட்கார்ந்திருந்த ஒரு சிவப்புப் பழம்.

என் அக்காவும் அந்த விழாவுக்கு வந்திருந்தாள். அவள் தட்டில் விழுந்த துண்டில் அந்தப் பழம் இருந்தது. வாயில் போட்டுக் கடித்தாள். பாதியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏண்டா தம்பி, இது நம்ம களாக்காய்டா!" என்றாள். குழந்தையைப் போல அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்காரர் என்ஜினீயர். சிரித்துவிட்டார். "அக்கா, இது செர்ரி. காஷ்மீர்லே விளையற பழம். களாக்காய் எங்கே, இது எங்கே!" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். படித்தவர்கள் சிரித்தால் தான் சொன்னதுதான் தப்பு என்று ஒப்புக்கொண்டே பழகியவள். பேசாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாதிப் பழத்தை வாங்கி நகத்தால் பிரித்தேன். செர்ரிப் பழத்துக்கு நடுவில் ஒரே ஒரு கொட்டை, உருண்டையாக இருக்கும். இதிலோ, விதை எடுத்தவன் கவனக்குறைவாக விட்டுவிட்ட இரண்டு சின்னத் தட்டை விதைகள் சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. களாக்காய்தான், சந்தேகமில்லை. எல்லோருக்கும் காட்டினேன். நண்பர் குனிந்து பார்த்தார், மறுக்க முடியவில்லை. ஆனால் அடுத்தபடி அவர் சொன்னதுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

"இருந்தா இருக்கட்டுமே. களாக்காய்னு சொன்னா எவன் வாங்குவான்?"

எவன் வாங்குவான்! இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை பதில்.

கடையில் செர்ரி என்று மலிவாக விற்கும் சிவப்புப் பழம், பீடாவுக்குள் வைப்பது, ஐஸ்கிரீம் மேல் வைப்பது, பெரும்பாலும் களாக்காய்தான். இது ரகசியம் ஒன்றும் இல்லை. தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பச்சைக் காயைக் கீறி விதையை எடுக்கிறார்கள். கந்தக உப்புக் கரைத்த நீரில் ஊறப்போட்டு அதன் சொந்த நிறத்தை வெளுக்கச் செய்கிறார்கள். அப்புறம் சிவப்புச் சாயம். அப்புறம் சர்க்கரைப் பாகு. முதலில் இளம் பாகு, நாளுக்கு நாள் கெட்டிப் பாகு. கடைசியில் புளிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடி மணி மாதிரி ஒரு பண்டம் மிஞ்சுகிறது. எரித்ரோசின் என்ற சாயம் இந்த வேலைக்குப் பேர்போனது. ஆண் எலிகளுக்கு அதை மிகுதியாகக் கொடுத்தபோது புற்றுநோய் கண்டது என்பதை வைத்து, அதை உணவில் சேர்க்கும் அனுமதியை அமெரிக்காவில் 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். மனிதர்களுக்கு அதனால் தீங்கு வந்ததாக நிரூபணம் இல்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. என் சண்டை சாயத்தோடு அல்ல; பெயரோடு.

கதை எழுதுகிறவனுக்குப் பாதி வேலை பெயர் வைப்பது. ஒரு பாத்திரத்துக்குப் பொய்யான பெயர் வைத்துவிட்டால் அந்தப் பாத்திரம் கடைசி வரையில் உயிரோடு எழுந்து நடமாடாது. பண்டங்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. (பப்பாளிக்காயை நறுக்கிச் சாயம் ஏற்றி டூட்டி-ஃப்ரூட்டி என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பாவம் தனி.) சொந்தப் பெயரோடு வேலி ஓரத்தில் நின்றால் சீந்துவாரில்லை. முள்ளுச்செடி என்று வெட்டி எரிக்கிறோம். அதே காய் வெளுத்து, சிவந்து, இனித்து, அயலூர்ப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தால் காசு கொடுத்து வாங்கி, குழந்தையின் பிறந்தநாளைக்கு உச்சியில் வைக்கிறோம்.

தலையில் வைத்துக்கொள்வது ஒன்றும் புதிதல்ல. சேர மன்னன் ஒருவனுக்குப் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். பதிற்றுப்பத்தில் நான்காம் பத்துக்குத் தலைவன் அவன். முடிசூட்டும் வேளையில் உரிய கண்ணியும் முடியும் கைக்கு வரவில்லை. களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து சூட்டிக்கொண்டான் என்று காரணம் சொல்வார்கள். இல்லாத குறைக்குச் சூடியதுதான். ஆனால் அதை மறைத்து, தான் சூடியது வேறெதுவோ என்று அவன் சொல்லிக்கொள்ளவில்லை, பெயரிலேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளைக்காரர்களையும் இந்த விஷயத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வீட்டுச் சமையற்காரர்கள் பழுத்த களாவில் ஜெல்லி காய்ச்சினார்கள். தங்கள் ஊர்க் கரண்ட் பழத்து ஜெல்லிக்கு ஈடு என்று துரைசானிகள் மெச்சினார்கள். 'பெங்கால் கரண்ட்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரில் இந்த மண்ணும் சேர்ந்தே இருந்தது.

அவர்கள் களாவுக்கு வேறோர் உத்தியோகமும் கொடுத்தார்கள், அது அத்தனை மெச்சத் தகுந்ததல்ல. வட இந்தியாவில் உப்புக்கு வரி கட்டாமல் யாரும் கொண்டுபோய்விடக் கூடாதென்று, நாட்டின் குறுக்கே சுங்க எல்லை ஒன்று போட்டிருந்தார்கள். 1869-இல் சிந்து நதியிலிருந்து மகாநதி வரையில் 2,300 மைல்; காவலுக்குச் சுமார் 12,000 ஆட்கள். அதில் நெடுந்தூரம் முள்வேலியே வளர்த்தார்கள். அந்த வேலைக்கு அப்போது கமிஷனர் யார் தெரியுமா? பின்னால் 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்ற முன்னின்ற அதே ஹ்யூம் துரைதான். இலந்தையும் கருவேலும் கள்ளியும் நட்ட அந்த வேலியில் களாவும் உண்டு. 1879-இல் அந்த எல்லை கைவிடப்பட்டது. உப்போடு சேர்ந்து ஜாடிக்குள் போக வேண்டிய காயை, உப்பு ஏழைக்குச் சேராமல் தடுக்க நிற்க வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும்.

இது போகட்டும். புதுக்கோட்டைச் சீமைக்கு வருகிறேன். நான் பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்றிச் செம்மண் மேடும் செம்புறாங்கல்லும்தான். அய்யனார் கோயில் காட்டை ஒட்டி, ஆள் உயரத்துக்குக் களாப் புதர்கள் இருந்தன. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. காய் முதலில் பச்சை, பிறகு ஒரு கன்னம் மட்டும் ரோஜா நிறம், கனிந்தால் மைக்கறுப்பு. கிளைக்குக் கிளை முள். காம்பைக் கிள்ளினால் அரளியில் வடிவது போலப் பால் வடியும். இரண்டும் ஒரே குடும்பம் என்று தாவர நூல்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பால் விரலில் ஒட்டினால் சோப்புக்கும் அசையாது. நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் பறிக்க வேண்டும்.

பறித்துக் கொண்டுவந்து விற்றது ஒரு கிழவி. முழங்கை வரைக்கும் முள் கீறிய கோடுகள். காயைப் படியால் அளந்து கொட்டி, கைப்பிடி கொசுறு போட்டு, அரிசியோ காசோ வாங்கிக்கொண்டு போவாள். அந்தக் கொசுறு போதாதென்று எங்கள் தெருப் பெண்கள் அவளோடு மல்லுக்கு நிற்பார்கள். முள்ளுக்குள் கையை விட்டவள் அவள். பேரம் பேசியது திண்ணையில் உட்கார்ந்திருந்த நாங்கள்.

அந்த நிலத்துக்குச் சர்க்கார் கணக்கில் என்ன பெயர்? தரிசு. 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று எழுதி வைத்திருந்தார்கள். கோடை மழைக்குப் பிறகு வருஷா வருஷம் ஒரு கிழவிக்கு இரண்டு மாசச் சாப்பாடு போட்ட நிலம், கணக்குப் பிள்ளையின் நோட்டில் ஒன்றுக்கும் உதவாத நிலம். உதவாத நிலத்தை உதவும்படி செய்கிறோம் என்று பிற்பாடு புதரை அழித்துத் தைலமரம் நட்டார்கள். புதுக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மைல் கணக்கில் நிற்கிறது. அதனடியில் புல் முளைக்கக்கூட யோசிக்கிறது. இங்கேயும் முதலில் வந்தது பெயர்தான். வெட்டுக்கத்தி பிறகுதான் வந்தது.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, "சபாஷ்! அந்தக் காலத்துப் பாட்டி கைமணம் இனி எங்கே வரப்போகிறது!" என்று பெருமூச்சு விடும் வாசகர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. என்ஜினீயர் நண்பராவது களாக்காயைச் செர்ரி என்று நம்பித் தின்கிறார். இவர்கள் ஒரு காயைக்கூடக் கீறிப் பார்க்காமல், பாட்டியின் கையில் ஏதோ தெய்வாம்சம் இருந்ததாகச் சொல்லி, ஜாடியைக் கோயில் கர்ப்பக்கிருகத்தில் ஏற்றி வைத்துவிட்டுக் கடையில் பாட்டில் வாங்குகிறார்கள்.

எங்கள் அப்பத்தாவின் கைமணம் என்னவென்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அது கணக்கு. கனியாத முற்றல் காயாகப் பொறுக்குவாள். அடிபட்டது ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. மூன்று தண்ணீரில் அலசிப் பால் போனதும் வெள்ளை வேஷ்டியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி காயவிடுவாள். மறுநாள் கீறி விதை எடுப்பது. நாலு படிக் காய்க்கு முக்கால் படி கல்லுப்பு. அந்த உப்பையும் வெயிலில் காயவைத்துப் பொடித்துத்தான் அளப்பாள். ஒரு வரிசை காய், ஒரு வரிசை உப்பும் மஞ்சள்பொடியும். ஜாடி வாயில் வேடு கட்டிவிட்டு, தினமும் காலையில் அவிழ்த்து, காய்ந்த மரக்கரண்டியால் அடியை மேலாகப் புரட்டுவாள். நாலாம் நாள் காய் தன் தண்ணீரிலேயே முழுகிக் கிடக்கும். பிறகு மூன்று நாள், பகலில் காயைத் தட்டில் வெயிலுக்கு, சாயங்காலம் திரும்ப உப்புத் தண்ணீருக்கு. கடைசியில்தான் மிளகாய்ப்பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், கடுகு தாளித்து ஆறவைத்த நல்லெண்ணெய். எண்ணெய் காய்க்கு மேல் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். பதினைந்து நாள் யாரும் தொடக் கூடாது.

கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்காமலே ஊருக்குத் திரும்பியவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் உருப்படியாகத் தெரிந்துகொண்டது, அப்பத்தா செய்ததற்கெல்லாம் காரணம் உண்டு என்பது. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. கிருமிகளுக்கும் அதே கதி. காயின் புளிப்பு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. டப்பா உணவில் மனிதனைக் கொல்லக்கூடிய பாட்யூலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி, பி.எச். 4.6-க்குக் கீழே போகும் புளிப்பில் வளராது. களாக்காய் அதற்கு வெகு கீழே. அதனால்தான் பழுத்த களாவில் ஜாம் காய்ச்சிக் கொதிக்கவைத்த கண்ணாடி பாட்டிலில் சுடச்சுட நிரப்பி, மூடி, அந்தப் பாட்டிலையே வெந்நீரில் முழுக வைத்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் வீட்டிலேயே ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். கறியையும் பீன்ஸையும் அப்படிச் செய்ய முயலாதீர்கள்; புளிப்பில்லாதவற்றுக்கு வெறும் கொதிநீர் போதாது, அழுத்த அடுப்பு வேண்டும். பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைக்கும் வித்தையைப் புத்தகமாகப் போட்டு 1810-இல் பிரெஞ்சு சர்க்காரிடம் 12,000 பிராங்க் வாங்கிய அப்பேர் என்பவர் ஒரு மிட்டாய்க்காரர். உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. அரை நூற்றாண்டு கழித்துப் பாஸ்டர் வந்துதான் சொன்னார். காரணம் தெரியாமலே சரியாகச் செய்தவர்கள் அப்பத்தாவைப் போல அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் காரணம் தெரியாமல் இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஜாடி கெட்டுப்போகும் வருஷம்தான் அது தெரியும்.

1987-இல் எங்கள் ஜாடி கெட்டது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாலு. வேடு அவிழ்த்தபோது மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. நாலு படிக் காய், உப்பு, எண்ணெய், அத்தனையும் போயிற்று. அப்பத்தா ஜாடியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "வீட்டுக்கு விலக்கா இருந்தப்ப ஜாடிப் பக்கம் போனியாடி?" என்றாள். போகவில்லை என்று அக்கா அழுதாள். நம்புவார் யார்? பூசணமே சாட்சியாயிற்று. அன்றிலிருந்து கல்யாணமாகிப் போகும் வரையில் அந்த வீட்டில் எந்த ஜாடியையும் அக்கா தொட்டதில்லை. அவள் கை ஆகாத கை என்று தெருவிலேயே பெயராகிவிட்டது.

அந்த ஜாடியைத் தொட்டது நான். மூன்று நாள், மத்தியானம், எல்லோரும் படுத்திருக்கும்போது. கிணற்றடியில் கால் கை கழுவிக்கொண்டு வந்து, துடைக்காமலே, ஈரக் கையை முழங்கை வரை விட்டுத் திருடித் தின்றேன். தண்ணீர் சொட்டிய இடத்தில் உப்பு இளகிப் பூசணம் பிடிக்கும் என்பது ஒன்பது வயதில் தெரியாது. ஆனால் அக்கா அழுதபோது அது என் வேலை என்பது தெரிந்துதான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

தீட்டு என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை ஜாடிக்கு எட்ட நிற்க வைத்த வீடுகள் எத்தனை! பாட்டி கைமணத்துக்குப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் விட வேண்டும். ஜாடிக்கு ஈரக் கை ஆகாது, எச்சில் கை ஆகாது. பெண்ணின் உடம்பில் மாசாமாசம் நடப்பதற்கும் ஜாடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் அப்பத்தாவுக்கு நாலு படிக்கு முக்கால் படி என்ற கணக்குத் தெரிந்தது; இது தெரியவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நமக்கு அந்தச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஊறுகாய்ப் பருவத்தில் இன்றைக்கும் சமையலறை வாசலில் நிறுத்தி வைக்கப்படும் பெண்களை எனக்குத் தெரியும், அவர்களில் எம்.எஸ்ஸி. படித்த ஒருத்தியும் உண்டு.

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். களாக்காய் என்று சொன்னால் எவன் வாங்குவான்? நான் வாங்குவேன். இதைப் படிக்கிறவர்களில் நாலு பேராவது வாங்குவார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். நாள் முழுதும் முள்ளில் கைவிட்டுப் பறித்தவளுக்கு, கேக் கடையில் அந்தச் சிவப்பு மணிக்குக் கொடுப்பதில் பாதியாவது கொடுங்கள். நாலு படி வேண்டாம், ஒரு படி போடுங்கள். இரத்த அழுத்தக்காரர்கள் அளவாகத் தொட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய் தொட்டுக்கொள்ளத்தான், குழம்பு மாதிரி ஊற்றிப் பிசைவதற்கல்ல. நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தொடர்கதையில் நாலு அத்தியாயம் படிக்கிற நேரம் மொத்தம் ஆகாது. அது என் பிழைப்பில் மண் போடுகிற பேச்சு என்றாலும் உண்மை அதுதான்.

இந்த ஆனியில் அக்காவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்கு வெளியே சாக்கு விரித்து, அந்தக் காலத்துக் கிழவியின் பேத்தியோ யாரோ, ஒரு கூடை களாக்காயோடு உட்கார்ந்திருந்தாள். தைலமரக் காட்டைத் தாண்டிப் போய்த்தான் பறிக்க வேண்டியிருக்கிறது என்றாள். சொன்ன விலையைக் கொடுத்து இரண்டு படி வாங்கினோம். வீட்டுக் கூடத்தில் வேஷ்டியை விரித்துக் காயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்காவிடம் சொன்னேன், 1987-இல் ஜாடியில் கைவிட்டது நான் என்று.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா" என்றாள். "உன் சட்டைக் கையெல்லாம் மஞ்சளும் எண்ணெயுமா இருந்துச்சே. நாந்தானே துவைச்சுப் போட்டேன்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அப்பா பெல்ட்டை எடுத்திருப்பாரு." கொஞ்சம் நேரம் கழித்து, "நீ சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "உப்பைக் காயவச்சியா? ஈரமா இருக்கு பாரு" என்று என்னை வெயிலுக்கு அனுப்பினாள்.

ஜாடியை அவள்தான் நிரப்பினாள். அவள்தான் வேடு கட்டினாள். தினமும் புரட்டுவதும் அவள்தான். எண்ணெய் ஊற்றி நேற்றோடு நாலு நாள் ஆகிறது. இன்னும் பதினொரு நாள் பாக்கி.